இலையில் கொஞ்சம் நாகூரையும் வையுங்கள்

காவிரிப் படுகையில் உணவகம் நடத்தும் முதலாளிகளுக்கும், அவர்களின் அடுப்படியை ஆளும் சரக்கு மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது; சங்கம், கட்சி எதிலும் இல்லை. வீட்டில் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. வீட்டார் இதைப் படிக்கக்கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வத்தக்குழம்பின் அடுத்த கவளம் எப்படி இருக்கும் என்று நாக்குக்கு முன்பே தெரியும். அந்தச் சுகம் வேறு. கடைக்கு வருவது தெரியாத ஒன்றைத் தேடி. படியேறும்போதே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம், கழுவிப் போட்ட இலையின் பச்சை வாசனை, பக்கத்து மேசைக்காரர் எதைப் பிசைகிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பது, இவற்றோடு ஓர் ஆசையும் வந்து உட்காருகிறது: இதுவரை வாய் அறியாத ஏதாவது ஒன்று இன்றைக்கு இலையில் விழாதா? அந்த ஆசையைத்தான் நீங்கள் நெடுநாளாகப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை எந்த ஊரில் மாலையில் போய் உட்கார்ந்தாலும் சப்ளையர் ஒரே பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். நான், ரொட்டி, பரோட்டா, பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ். அசைவக் கடையானால் கோபிக்குப் பதில் சிக்கன். மஞ்சூரியன்மீது எனக்கு விரோதம் இல்லை. 1970களில் மும்பையில் பிறந்த பண்டம் அது. பிழைக்க வந்த இடத்தில் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. பரோட்டாவும் ஒரு காலத்தில் புதுவரவுதான். அவ்வளவு ஏன், மிளகாயே போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் நம் அம்மியில் ஏறியது; அதற்கு முன்னால் இந்த ஊரில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். வெளியிலிருந்து வந்தது வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் சாம்பாரிலிருந்து மிளகாயையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். என் குறை வேறு. புதிதாக வந்த அந்தப் பட்டியல் வந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. தக்காளி, முந்திரி விழுது, வெண்ணெய், கொஞ்சம் காய்ந்த வெந்தயக்கீரை என ஒரே சிவப்புக் குழம்பு அண்டாவில் கொதிக்கிறது. பனீரைப் போட்டால் ஒரு பெயர், காளானைப் போட்டால் இன்னொரு பெயர், பட்டாணியைப் போட்டால் மூன்றாவது பெயர். விலையும் மாறுகிறது. ருசி மாறுவதில்லை.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அடுப்படியின் மூலையில், விறகுத் தணலின்மேல், ஒரு மண்சட்டி. ஓரங்களில் எண்ணெய் பிரிந்து, குழம்பு கருஞ்சிவப்பாகச் சுண்டியிருந்தது. கெளுத்தி மீன், கூடவே தோலோடு நறுக்கிய கிளிமூக்கு மாங்காய். மாஸ்டர் தனக்கும் ஆட்களுக்கும் என்று வைத்தது. "இதில் ஒரு கரண்டி கிடைக்குமா?" என்று கேட்டேன். "இது எங்களுக்கு சார், கஸ்டமருக்கு இல்லை" என்றார், ஏதோ என் மரியாதைக்குக் குறைவான பொருளை நான் கேட்டுவிட்டதைப் போல. பிறகு மனமிரங்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தந்தார். முதலில் தட்டுப்பட்டது புளிப்புதான், ஆனால் அது புளியின் புளிப்பா மாங்காயின் புளிப்பா என்று பிரிப்பதற்குள் வெந்தயத்தின் மெல்லிய கசப்பு குறுக்கே வந்தது. காரம் அவசரப்படவில்லை, விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து மேலேறியது. மீனின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு நாக்கில் படிந்து அடுத்த கவளத்துக்கு வழிவிடாமல் நின்றது. அதே நேரத்தில் வெளியே, என் மேசையில், நான் கேட்டு வாங்கிய சில்லி சிக்கன் சிவப்புச் சாயத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கடையின் ஆகச் சிறந்த பண்டம் விலைப்பட்டியலில் இல்லை. இது எவ்வளவு பெரிய வியாபார நட்டம் என்று முதலாளிக்குத் தெரியுமா?

புதிய ருசிக்காக நீங்கள் டெல்லிக்கோ சீனாவுக்கோ போக வேண்டாம். கும்பகோணத்துக்காரர் நாகூர் வரை போனால் போதும். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், அந்தப் பக்கம் அதிராம்பட்டினம் என்று கடலோர ஊர்களின் மாலைப்பொழுது வாடா வாசனையோடுதான் இறங்குகிறது. அரிசி மாவை உள்ளங்கையகலத்துக்குத் தட்டி, வெங்காயம் சேர்த்து, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் விடுகிறார்கள். எடுத்தவுடன் கடிக்க வேண்டும். அரிசி மாவுக்கே உரிய நொறுநொறுப்பு முதலில் உடைகிறது; உள்ளே ஆவியில் வெந்த வெங்காயத்தின் இனிப்பு; அதற்குப் பிறகு இறால். அந்த இறாலின் இனிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் ஒன்றல்ல என்று வாய் கண்டுபிடிக்கிற அந்த ஒரு நொடிக்காகவே பஸ் ஏறலாம். நோன்பு மாதத்தில் கஞ்சியோடு வாடாவைச் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். குழைந்த கஞ்சியின் மெத்தென்ற சூட்டில் மொறுமொறுப்பு சிறிது சிறிதாக இளகும் பக்குவத்தை எந்தச் சமையல் பள்ளியிலும் சொல்லித்தர முடியாது. ஆனால் மீன், இறால் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுகிற கும்பகோணத்துக்காரர் பலருக்கு வாடா என்ற பெயரே தெரியாது. "வடையா?" என்று திரும்பக் கேட்கிறார்கள்.

மறுபக்கமும் அப்படித்தான். கும்பகோணத்துக் கடப்பாவை நாகூர்க்காரர் எத்தனை பேர் அறிவார்கள்? பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, தேங்காய், கசகசா, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தது. பார்ப்பதற்கு வெளிறிப்போய், நிறத்தால் யாரையும் அழைக்காத பண்டம். ஆனால் சுடச்சுட இட்லியின்மேல் ஊற்றி அது உள்ளே இறங்குவதற்கு ஒரு நிமிடம் விட்டுச் சாப்பிட்டால், சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் இப்படியொரு வீதி இருந்ததா என்று தோன்றும். கும்பகோணத்திலேயே இன்று பல கடைகளில் இது இல்லை. இருக்கிற சில கடைகளிலும் வாரத்தில் ஏதோ ஒரு நாள்தான். என்ன கிழமை என்று கேட்டால், "மாஸ்டர் வந்தால் போடுவோம்" என்பது பதில்.

தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்றதில் ரசவாங்கி உண்டு, டாங்கர் பச்சடி உண்டு, போளி உண்டு. போளி மட்டும் தெருவுக்கு வந்துவிட்டது. கத்தரிக்காயும் பருப்பும் வறுத்தரைத்த தனியாவும் தேங்காயுமாகச் சேர்ந்து, குழம்பும் இல்லாமல் கூட்டும் இல்லாமல் நடுவில் நிற்கிற ரசவாங்கி சில வீடுகளின் சமையற்கட்டைத் தாண்டவே இல்லை. இத்தனைக்கும் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி தம் அரண்மனைச் சமையல் குறிப்புகளை எழுதிவைக்கச் செய்தவர். சைவம், அசைவம், ஆங்கிலேயர் சமையல் எல்லாம் அதில் உண்டு. சரசுவதி மகால் நூலகம் அதை அச்சிலும் கொண்டுவந்திருக்கிறது. கண் மருத்துவத்திலிருந்து சமையல் வரை எதையும் தெரிந்துகொள்ளத் துடித்த அந்த மனிதரின் ஊரில், அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில், நமக்குக் கிடைப்பது நூடுல்ஸ்.

கோயில் மடைப்பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருக்கண்ணபுரத்தில் அர்த்தசாமத்தில் படைக்கிற முனையதரையன் பொங்கலில் அரிசி, பாசிப்பருப்பு, நெய், உப்பு தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. மிளகு, சீரகத் தாளிப்பின் ஆரவாரம் இல்லாமல் நெய்யும் பருப்பும் தனியே பேசுவதைக் கேட்க வேண்டுமானால் அதைச் சாப்பிட வேண்டும். கும்பகோணத்தை அடுத்த உப்பிலியப்பன் கோயிலில் உப்பே கிடையாது. அங்கே பிரசாதத்தை வாயில் போட்டதும் நாக்கு திகைக்கிறது. இரண்டாவது வாயில் அரிசியின் இயல்பான இனிப்பு தலைகாட்டுகிறது. மூன்றாவதில் உப்பு நினைவிலேயே இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். இவற்றைக் கடையில் அப்படியே போட்டு விற்கச் சொல்லவில்லை, பிரசாதம் பிரசாதமாகவே இருக்கட்டும். எத்தனை குறைந்த பொருளில் எவ்வளவு பெரிய ருசி வருகிறது என்று மாஸ்டர்கள் ஒருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அண்டாவில் கொட்டுகிற மிளகாய்த்தூள் பாதியாகக் குறையும். மிளகாயின் காரம் கணக்குப்படி சுவையே அல்ல. வாயில் சூட்டை அறிகிற நரம்புகளை அது சீண்டுகிறது. அளவோடு சீண்டினால் மற்றச் சுவைகள் விழித்துக்கொள்ளும். அளவு மீறினால் எல்லாம் எரிச்சலில் அடங்கிவிடும். நீங்கள் பழைய சரக்கை மறைக்கத்தான் காரத்தை ஏற்றுகிறீர்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை, முழுக்க இல்லை.

இத்தனை பண்டங்கள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே ஆற்றுத் தண்ணீரில் எப்படி இருந்தன? சாதியும் மதமும் சமையற்கட்டுக்குக் கதவு போட்டன என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவை முதலில் திறந்த இடம் உணவகம்தான். அதுவும் சும்மா திறக்கவில்லை. 'பிராமணாள்' என்று பலகை மாட்டி, ஒரு காலத்தில் தனி இடமும் ஒதுக்கியவை நம் காபி கிளப்புகள். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் அப்படியொரு பலகைக்கு எதிராகப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இன்று உங்கள் கடையில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. உட்காருகிறவர்கள் கலந்துவிட்டார்கள், உங்கள் பண்டங்கள் இன்னும் கலக்கவில்லை. ஒரே மேசையில் ரசவாங்கியும் வாடாவும் வைக்கக்கூடிய ஊர்ப்பொது இடம் இந்தப் படுகையில் உங்கள் கடையைத் தவிர வேறு எது?

சோற்றுக்கு வருகிறேன், வயிற்றெரிச்சல் அதிகம் இங்கேதான். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற மாவட்டங்கள் இவை. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே போட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்வகைகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். 2018இல் அவர் மறைந்தபோது மீட்ட வகைகள் 174. அந்த ஊருக்குப் போகும் வழியில் உள்ள கடையில் உட்கார்ந்தால் இலையில் விழுவது, பட்டை தீட்டித் தீட்டி வாசனையும் போய் நிறமும் போய், எந்த ஊர் அரிசி என்று மாஸ்டருக்கும் தெரியாத வெள்ளைச் சோறு. மாப்பிள்ளைச் சம்பாவை எல்லோருக்கும் முழுச் சாப்பாடாகப் போட முடியாது என்று எனக்கும் தெரியும். விலை கூடுதல், வேக நேரமாகும், பழகாத வயிறு முரண்டு பிடிக்கும். ஆனால் தூயமல்லி? மல்லிகைப்பூ போல வெந்து விரியும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் குழையாமல் நிற்கும். வழக்கமான சோற்றுக்கு முன்னால் இலையின் நடுவில் தூயமல்லி ஒரே ஒரு கரண்டி, அதன்மேல் நெய், பருப்பு. பெயரையும் விளைந்த ஊரையும் சப்ளையர் ஒரு வார்த்தை சொல்லட்டும். இரண்டாம் கரண்டிக்குத் தனிக்காசு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

ருசி நாக்கில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. மெல்லும்போது எழும் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சளி பிடித்த நாளில் சாம்பாரும் ரசமும் வெறும் உப்பும் புளிப்புமாகத் தெரிவது அந்தப் பாதை அடைத்துப்போவதால்தான். ஆகவே சூடு முக்கியம். ஆனால் வடநாட்டுத் தாலியைப் பார்த்து நீங்களும் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறீர்கள். சாம்பாரை முடித்து வருவதற்குள் ரசம் ஆறி, பாயசம் ஆடை கட்டிவிடுகிறது. நம் பந்தி முறை அப்படியா? பருப்பும் நெய்யும், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று ஒன்றை வாய் முடித்த பிறகுதான் அடுத்தது வரும். ஒவ்வொன்றும் முந்தியதன் சுவடைத் துடைத்துவிட்டு வரும். அந்த வரிசையை உண்டாக்கியவர் யாரோ, நாக்கை நன்றாகப் படித்தவர்.

இலையும் அப்படியே. கொதிக்கும் சோறு வாழையிலையில் விழுந்ததும் எழும் வாசனை அந்தச் சாப்பாட்டின் முதல் பதார்த்தம். பிளாஸ்டிக் பூசிய இலை மாதிரித் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. ஆனாலும் தட்டின்மேல் அதை விரிக்கிற கடைகள் திருவையாற்று வாழைத் தோப்புகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுச் சிரிப்பதா அழுவதா? அப்புறம், அந்தத் தொலைக்காட்சி. இரைச்சலில் உப்பும் இனிப்பும் மங்கலாகத்தான் தெரியும் என்று ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். செய்தி வாசிப்பவர் கத்தினால் உங்கள் பாயசத்துக்குத்தான் நட்டம்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ஆள் இல்லை, அடுப்பில் நிற்கிற பையன்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்குக் கடப்பா என்றால் ஆந்திராவில் ஓர் ஊர். உண்மைதான். ஆனால் அவர்கள் தோசையைச் சீக்கிரத்திலேயே கற்றுக்கொண்டு நம்மைவிட மெலிதாக இழுக்கிறார்கள். சொல்லித்தர ஆளும் இருக்கிறார்கள். நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் வீட்டிலிருந்தே வாடா போட்டு விற்கிற அக்காமார்களை ஒரு வாரம் அழைத்து, மாஸ்டருக்குக் கொடுக்கிற கூலியைக் குறையாமல் கொடுத்து, அடுப்புக்கு முன்னால் நிற்கச் செய்யுங்கள். அக்கிரகாரத்து மாமி ஒருவர் ரசவாங்கிக்குக் கைமணம் காட்டுவார். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

மீந்துபோகும் என்பது அடுத்த பதில். இனிப்புக் கடைக்காரரைப் பாருங்கள். திருவையாற்றில் அசோகா கேட்டு நின்றால் கையில் ஒரு துண்டு வைக்கிறார்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்தச் சூடான துண்டு வாயில் கரைவதற்குள் அரைக்கிலோ கட்டச் சொல்லிவிடுகிறோம். புதுப் பண்டத்தையும் அப்படி விற்கலாம். ஒரு கரண்டி, இனாம். அறிமுகமில்லாத ருசி முதல் வாயில் பிடிபடாது. இரண்டு மூன்று முறை பட்டால்தான் ஒட்டும்.

வெளியூர்க்காரர் பனீர்தான் கேட்கிறார் என்பது மூன்றாவது. பெரிய கோயிலை 1987இலும், தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் 2004இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றைப் பார்க்க அத்தனை தூரம் வந்தவர் தம் ஊரிலேயே நன்றாகக் கிடைக்கிற பனீரை இங்கே சுமாராகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவர் கேட்பது அதுதான் பட்டியலில் இருப்பதால்.

2028இல் மகாமகம் வருகிறது. கும்பகோணத்தில் இப்போதே மாடி கட்டுகிறீர்கள், மேசை கூட்டுகிறீர்கள். பட்டியலையும் அத்தோடு பாருங்கள். பருவத்தைக் காட்டுகிற பட்டியலாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் ஐஸ் மீனை ஒளித்துப் போடாமல், கெளுத்தி மாங்காய்க் குழம்பை வெளியே கொண்டுவாருங்கள். தை பிறந்தால் புது அரிசிப் பொங்கல். விருந்தின் முடிவில் நீடாமங்கலத்துப் பால்திரட்டு ஒரு கரண்டி. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்; சோம்பும் கல்கண்டும் நிரப்பிய கிண்ணம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

எல்லோரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒரு கடைக்கு ஒரு பண்டம், வாரத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்தால் போதும். கடப்பா என்ன கிழமை என்பதை மாஸ்டரின் சௌகரியத்துக்கு விடாமல் வாசல் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிடுங்கள். அந்தக் கிழமையில் நான் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
திருவாரூர்